உறைபனிக்கு முன் சைக்கிளைக் கழுவி, உலர்த்தி, எண்ணெயிட்டு வைக்கும் முறை

ரொறன்ரோவில் நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு நகர்த்துகிறோம். அதற்கு முந்திய சனி ஞாயிறையே சைக்கிளை உள்ளே எடுத்து வைக்கும் நாட்களாகப் பல ஆண்டுகளாக நான் வைத்திருக்கிறேன். அந்த வேளையில் பகலில் வெளியே நின்று தண்ணீரில் கை வைக்கக்கூடிய அளவுக்கு வெப்பம் இருக்கும். வீட்டின் வெளிக்குழாயும் இன்னும் பூட்டப்பட்டிருக்காது. குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்காமலிருக்க அதை உள்ளிருந்து பூட்டி, எஞ்சிய தண்ணீரை வடியவிட்ட பின்னர் சைக்கிள் கழுவ நினைப்பவர், நிலக்கீழறையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமான காரணம் உப்பு. முதற்பனி விழுந்தவுடன், சில வேளைகளில் அதற்கு முன்னரே, வீதிகளில் உப்பு தூவத் தொடங்கிவிடுவார்கள். ஒரேயொரு நாள் அந்த உப்புக் கரைசலில் ஓடிய சைக்கிளைக் கழுவாமல் ஏப்ரல் வரை மூலையில் சாத்தி வைத்தால், ஓடாமல் நின்ற அந்த ஐந்து மாதங்களில் அது ஓடிய கோடைகாலத்தைவிட அதிகமாகத் தேய்ந்துவிடும்.

உப்பு எப்படிக் கெடுக்கிறது என்பதை ஒருமுறை விளங்கிக்கொண்டால், செய்ய வேண்டியவை எல்லாம் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். வீதியில் போடும் கல்லுப்பு நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் அதே சோடியம் குளோரைட்டுத்தான். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டும்போது அது காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். அதாவது, காய்ந்துவிட்டது போலத் தோன்றும் செயினின் இடுக்குகளில் படிந்த வெண்படலம், ஈரமான ஒரு நாளில் மறுபடியும் உப்புநீராகிவிடும், பிறகு காயும், பிறகும் கரையும். இப்படி ஒவ்வொரு முறையும் உருக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் துருவாக மாறும். யாழ்ப்பாணத்தின் பருத்தித்துறையிலோ குருநகரிலோ கடற்கரையோரம் வாழ்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. கடலிலிருந்து தள்ளியுள்ள ஊரில் பத்து வருடம் பளபளத்த றிம், கடற்காற்றுப் படும் முற்றத்தில் இரண்டே வருடத்தில் செம்பட்டையாகிவிடுவதை நாங்கள் கண்டிருக்கிறோம். வறண்ட கடுங்குளிர் மட்டும் இருந்தால் உலோகத்துக்கு அவ்வளவு கேடில்லை. குளிரோடு சேர்ந்து வரும் உப்பும், உள்ளே அகப்பட்டுக்கொண்ட ஈரமுமே உண்மையான எதிரிகள்.

ஆகவே கழுவும் நாளும் எண்ணெயிடும் நாளும் வேறு வேறாக இருக்கட்டும். சனிக்கிழமை கழுவுங்கள், இரவு முழுவதும் உலரவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை எண்ணெயிடுங்கள். ஒரே பிற்பகலில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், ஈரம் காயாத செயினுக்கு எண்ணெய் விடுபவர் அந்த ஈரத்தை எண்ணெயால் மூடிச் சிறைவைக்கிறார்; வசந்தத்தில் செயின் மடங்காமல் விறைத்து நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கிறது.

முதலில் செயின், பிறகு மற்றவை

தேவையான பொருட்கள் அதிகமில்லை. இரண்டு வாளி, இரண்டு பஞ்சு, ஒரு பழைய பல் துலக்கும் தூரிகை, கொஞ்சம் விறைப்பான ஒரு தூரிகை, பாத்திரம் கழுவும் திரவம், எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவம் ஒரு போத்தல், கிழிந்த பருத்தித் துணிகள் நிறைய. இரண்டு பஞ்சைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. செயினையும் பற்சக்கரங்களையும் தேய்த்த பஞ்சில் உலோகத்தூளும் மணலும் ஏறியிருக்கும். அதே பஞ்சால் பிறேமைத் தேய்த்தால் வர்ணத்தில் மெல்லிய கீறல்கள் விழும். ஒவ்வொரு கீறலும் துரு நுழையும் வாசலாகும்.

பலர் பிறேமைக் கழுவிவிட்டுக் கடைசியில் செயினுக்கு வருவார்கள். அது தலைகீழான ஒழுங்கு. செயினிலிருந்து கரைந்து தெறிக்கும் கறுப்புப் பிசுக்கு, கழுவி முடித்த பின்சில்லிலும் பிறேமிலும் மறுபடியும் விழும். எனவே முதலில் செயினையும், முன்பின் பற்சக்கரங்களையும், கியர் மாற்றியில் இருக்கும் இரண்டு சிறு பற்சக்கரங்களையும் பிசுக்கு நீக்கும் திரவத்தால் நனைத்து ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் தூரிகையால் தேய்க்க வேண்டும். அந்தச் சிறு பற்சக்கரங்களின் பக்கங்களில் கறுப்புக் களிம்பு தட்டையாகப் படிந்திருக்கும். அதை ஒரு தட்டையான குச்சியால் சுரண்டி எடுத்த பின்னரே தூரிகை வேலை செய்யும். பின்பற்சக்கரங்களின் இடைவெளிகளுக்குள் ஒரு துணித்துண்டை நுழைத்து, இரு முனைகளையும் பிடித்து முன்னும் பின்னுமாக இழுத்தால் தூரிகை எட்டாத அழுக்கும் வெளியே வரும். டிஸ்க் பிறேக் உள்ள சைக்கிள் என்றால் அதன் தட்டையும் பிடிப்பானையும் ஒரு பொலித்தீன் பையால் மூடிவிட்டுத் தொடங்குங்கள். எண்ணெய்ப் பிசுக்கு அங்கே தெறித்தால் பிறேக் கட்டை அதை உறிஞ்சிவிடும். உறிஞ்சிய கட்டையைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

ஊரில் செயினைக் கழற்றி ஒரு தகர டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துக் கழுவிப் பழகிய கைகள் எங்களில் பலருடையவை. அது நல்ல முறைதான். மண்ணெண்ணெய் பிசுக்கை நன்றாகக் கரைக்கும். ஆனால் ஊரில் அதைச் செய்தது திறந்த முற்றத்தில், வேப்பமர நிழலில். இங்கே வீட்டை வெப்பமூட்டும் எரிவாயு அடுப்பும் சுடுநீர்த் தாங்கியும் இருக்கும் நிலக்கீழறையில், சாளரம் மூடிய நிலையில், மண்ணெண்ணெயையோ அதுபோன்ற எரியக்கூடிய கரைப்பானையோ திறந்து வைக்கவே கூடாது. வெளியில் மட்டும் செய்யுங்கள், அல்லது நீரில் கழுவக்கூடிய பிசுக்கு நீக்கியைப் பயன்படுத்துங்கள். கழுவி முடிந்த கறுப்புக் கரைப்பானை வீதியோரச் சாக்கடையில் ஊற்றுவதும் தவறு. அந்தச் சாக்கடைத் தண்ணீர் ஓடைகளுக்கும் அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்கும் போகிறது. நாம் குடிக்கும் தண்ணீரும் அந்த ஏரியிலிருந்தே வருகிறது. மூடியுள்ள போத்தலில் சேர்த்து, நகராட்சியின் அபாயகரமான வீட்டுக் கழிவுகளை ஏற்கும் நிலையத்தில் கொடுத்துவிடலாம்.

செயின் வேலை முடிந்த பின் சோப்புத் தண்ணீரால் மேலிருந்து கீழாக முழுச் சைக்கிளையும் கழுவுங்கள். ஹாண்டில், சீற், பிறேம், முன் போக், சில்லுகள் என்ற ஒழுங்கில் இறங்கினால் அழுக்குத் தண்ணீர் கழுவிய இடத்தில் மறுபடியும் வழியாது. மட்காட்டின் உட்புறத்தை மறந்துவிடாதீர்கள். கோடை முழுவதும் டொன் பள்ளத்தாக்கிலும் ஹம்பர் ஆற்றோரத்திலும் ஓடியபோது தெறித்த மண் அங்கே அடையாக ஒட்டியிருக்கும். அது ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். முன் போக்கின் இரண்டு கால்களும் சேரும் இடத்தின் அடிப்பக்கம், பெடல் தண்டுகள் இரண்டையும் இணைத்துப் பிறேமின் அடியில் சுழலும் பெடல் அச்சைச் சுற்றிய பகுதி, சீற்றின் அடிக்கம்பிகள் ஆகியவை நின்றபடி பார்த்தால் கண்ணில் படாத இடங்கள். குனிந்து பார்த்துத் தூரிகையால் தேய்க்க வேண்டும்.

ஒரு விடயத்தில் நான் மிகவும் பிடிவாதமாக இருக்கிறேன்: கார் கழுவும் இடங்களிலுள்ள உயரழுத்தக் குழாயைச் சைக்கிளின் மீது திருப்பாதீர்கள். சில்லின் நடுவிலுள்ள ஹப், பெடல் அச்சு, ஹாண்டில் கழுத்து ஆகியவற்றுக்குள்ளே கிறீஸில் உருளும் குண்டுகள் இருக்கின்றன. அவற்றை மூடியிருக்கும் மெல்லிய இறப்பர் வளையங்கள் மழையைத் தடுக்கவே செய்யப்பட்டவை. உயரழுத்தத் தண்ணீர் அவற்றைத் தாண்டி உள்ளே புகுந்து கிறீஸை வெளியே தள்ளிவிடும். வெளியே பளபளப்பாகத் தெரியும் சைக்கிளின் உள்ளே ஐந்து மாதம் தண்ணீர் தேங்கி நிற்கும். தோட்டத்துக் குழாயில் மெதுவாக வழியவிடும் தண்ணீரே போதும்.

உலரும் இரவு

கழுவியவுடன் சைக்கிளை இரண்டு மூன்று முறை தரையில் இலேசாகத் தட்டி, துணியால் துடைத்து, பிறகு சீற் தண்டை முழுவதுமாக வெளியே இழுத்தெடுங்கள். எடுப்பதற்கு முன், தண்டு பிறேமுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிறு துண்டு ஒட்டுநாடாவைச் சுற்றிவிட்டால், வசந்தத்தில் அதே உயரத்துக்குத் திரும்ப வைப்பது சுலபமாக இருக்கும். தண்டை எடுத்த பிறகு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினால், பிறேமின் குழாய்க்குள் தேங்கியிருந்த தண்ணீர் வடியும். எவ்வளவு வரும் என்பதைக் கண்டால் ஆச்சரியப்படுவீர்கள். சில வருடங்களில் அரைக் கோப்பை அளவுகூட வந்திருக்கிறது. பல பிறேம்களில் பெடல் அச்சுக்குக் கீழே தண்ணீர் வடிய ஒரு சிறு துளை இருக்கும். அதில் மண் அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

சீற் தண்டைப் பற்றி இவ்வளவு சொல்வதற்கு என் சொந்த இழப்பு ஒன்று காரணம். வீட்டு முற்றத்து விற்பனை ஒன்றில் வாங்கிய உருக்குப் பிறேம் சைக்கிள் ஒன்று என்னிடம் இருந்தது. அதன் சீற் தண்டு அலுமினியத்தால் ஆனது. உயரம் எனக்குச் சரியாக இருந்ததால் மூன்று குளிர்காலம் அதைத் தொடவேயில்லை. இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, இடையில் உப்புநீரும் சேர்ந்தால், அது ஒரு மின்கலம் போலச் செயற்பட்டு அலுமினியத்தை அரித்து வெண்தூளாக்கும். அந்தத் தூள் பருத்து, தண்டைக் குழாயோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மகளுக்காகச் சீற்றைத் தாழ்த்த முயன்றபோது அது அசையவில்லை. எண்ணெய் ஊற்றி ஒரு கிழமை காத்திருந்தும் பயனில்லாமல், கடைசியில் வாளால் உட்புறமாக அறுத்துத்தான் எடுக்க வேண்டியதாயிற்று. அறுக்கும்போது பிறேமிலும் வெட்டு விழுந்துவிட்டது. வருடத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் செலவழித்து, தண்டைத் துடைத்து, மெல்லிய கிறீஸ் பூசித் திரும்ப நுழைத்திருந்தால் அந்த நல்ல சைக்கிள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும். பிறேமோ தண்டோ காபன் இழையால் ஆனதாக இருந்தால் மட்டும் கிறீஸ் பூச வேண்டாம். அதற்கென்று மணல்போல் நொறுநொறுப்பான ஒரு பசை விற்கிறார்கள், அதையே பயன்படுத்த வேண்டும்.

இரவு முழுவதும் சைக்கிள் வீட்டினுள், காற்றோட்டமுள்ள அறையில் நிற்கட்டும். வெப்பமூட்டி ஓடத் தொடங்கிய வீட்டின் உட்காற்று நன்றாக வறண்டிருக்கும். சிறிய மின்விசிறி ஒன்றைச் செயின் பக்கமாகத் திருப்பி வைத்தால் காலையில் ஈரம் முற்றாகப் போயிருக்கும்.

எண்ணெயும் கிறீஸும்

ஞாயிறு காலையில் எண்ணெய்ப் போத்தலை எடுப்பதற்கு முன், செயினை ஒரு முறை அளந்து பாருங்கள். புதிய செயினில், கண்ணிகளை இணைக்கும் ஒரு முளையின் நடுவிலிருந்து இருபத்துநான்கு முளை தள்ளியுள்ள முளையின் நடு வரை சரியாக 12 அங்குலம் இருக்கும். அடிமட்டத்தின் பூச்சியத்தை ஒரு முளையின் நடுவில் வைத்து மறுமுனையைப் பாருங்கள். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது; எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் அது பற்சக்கரங்களின் பற்களையும் தேய்த்திருக்கும், புதுச் செயின் மட்டும் போட்டால் பல்லில் நிற்காமல் வழுக்கும். மாற்ற வேண்டிய செயினுக்கு எண்ணெயிட்டுப் பயனில்லை.

செயினில் எண்ணெய் தேவைப்படும் இடம் வெளித்தகடுகள் அல்ல. உள்ளே முளையும் உருளையும் உராயும் இடமே. ஆகவே மேலிருந்து பீய்ச்சி அடிப்பதைவிட, ஒவ்வோர் உருளையின் மீதும் ஒரு துளி வீதம் விடுவதே சரி. வழக்கமான செயின் ஒன்றில் நூற்றுப் பத்துக்கு மேற்பட்ட கண்ணிகள் இருக்கும். பொறுமையாகச் செய்தாலும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. பிறகு பெடலைப் பின்னோக்கி ஒரு நிமிடம் சுற்றி, கால் மணித்தியாலம் ஊறவிட்டு, மேலே நிற்கும் எண்ணெயைத் துணியால் மெதுவாகத் துடையுங்கள். ஓட்டப்போகும் சைக்கிள் என்றால் அழுத்தித் துடைக்கச் சொல்வேன். வைக்கப்போகும் சைக்கிளில் ஒரு மெல்லிய படலம் இருப்பது துருவிலிருந்து காக்கும். சைக்கிள் கடையில் மழைக்காலத்துக்கு என்று ஒரு எண்ணெயும், வறண்ட காலத்துக்கு என்று ஒரு எண்ணெயும் இருக்கும். வைப்பதற்கு மழைக்கால எண்ணெயே நல்லது. அது தடிப்பாக ஒட்டிக்கொண்டு நிற்கும்.

டபிள்யூடி-40 என்ற தெளிப்பானைச் செயின் எண்ணெயாக நினைப்பவர்கள் எங்கள் சமூகத்திலும் அதிகம். அதன் பெயரிலுள்ள முதலிரண்டு எழுத்துக்களும் ‘நீரை இடம்பெயர்த்தல்’ என்பதைக் குறிப்பவை. ஈரத்தை வெளியேற்றவும் இறுகிய ஆணியை இளக்கவும் அது உதவும். ஆனால் அந்த வழமையான நீலமஞ்சள் டின்னில் இருப்பது மிக மெல்லியது, மாதக்கணக்கில் செயினுக்குள் நின்று காக்கும் தடிப்பு அதற்கு இல்லை. இன்னொரு பழக்கம் தேங்காய் எண்ணெய். ஊரில் வீட்டில் எப்போதும் இருக்கும் எண்ணெய் அதுதான். றிம்முக்கும் ஹாண்டிலுக்கும் பூசித் துடைத்தால் பளபளக்கும். ஊர் வெயிலில் அது திரவமாக நிற்கும். ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே அது வெண்ணெய் போல உறைந்துவிடும் என்பது இங்கே சமையலறை அலமாரியைத் திறக்கும் எவருக்கும் தெரியும். உறைந்த எண்ணெய் செயினுக்குள் இறங்காது. நாளாக நாளாகச் சிக்குப் பிடித்து ஒட்டும் பசையாகவும் ஆகிவிடும்.

கியர் மாற்றியின் மூட்டுகளுக்கும், பிறேக் நெம்புகோலின் முளைக்கும், ஸ்ராண்டின் வில்லுக்கும் ஒவ்வொரு துளி போதும். றிம்மைப் பிடிக்கும் பிறேக்கின் கட்டைகளிலோ, டிஸ்க் தட்டிலோ ஒரு துளியும் படக்கூடாது. சந்தேகமிருந்தால் தட்டை மதுசாரத்தில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள். பெடல்களைக் கழற்றித் திருகுப் புரிகளில் கிறீஸ் பூசி மறுபடி பூட்டுவது நல்லது. வலப்பக்கப் பெடல் வழமையான திசையில் கழலும், இடப்பக்கப் பெடல் எதிர்த்திசையில் கழலும். இதை மறந்து முழுப் பலத்தோடு தவறான பக்கம் திருகி, புரியைக் கெடுத்தவர்கள் பலர். ஒடுங்கிய அடுக்குமாடி நடைபாதையில் சைக்கிளை வைப்பவர்கள் பெடல்களைப் பூட்டாமல் ஒரு பையிலிட்டுப் பிறேமில் கட்டிவிட்டால் இடமும் மிச்சம், முழங்காலில் இடிபடுவதும் இல்லை.

கியர் கேபிள்களின் இழுவிசையைத் தளர்த்தி வைக்க வேண்டும். முன்னும் பின்னும் மிகச் சிறிய பற்சக்கரத்துக்குச் செயினைக் கொண்டு வந்தால், பெரும்பாலான சைக்கிள்களில் கேபிளும் வில்லும் ஓய்வுக்கு வந்துவிடும்.

பிறேமின் வர்ணம் உரிந்து உருக்குத் தெரியும் இடங்களைத் தேடிப் பாருங்கள். நிறம் பொருந்தும் நகப்பூச்சு ஒரு துளி அந்த இடத்தை மூடப் போதுமானது. பிறகு காருக்குப் பூசும் மெழுகை மெல்லியதாகப் பூசித் துடைத்தால் ஈரம் தங்காது. தோல் சீற் உள்ளவர்கள் அதற்குரிய மெழுகைப் பூச வேண்டும். சமையல் எண்ணெய் தோலை அளவுக்கு மீறி மென்மையாக்கித் தொய்யச் செய்துவிடும்.

இந்த வேலைகளுக்கிடையில் கைகள் சைக்கிளின் ஒவ்வொரு பகுதியையும் தொட்டுவிடும். பழுதுகளைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. சில்லை மேற்பகுதியில் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் கடகடவென்று ஆடுகிறதா, பெடல் தண்டு அசைகிறதா, முன்பிறேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளும்போது ஹாண்டில் கழுத்தில் தட்டும் ஓசை வருகிறதா, எந்தக் கம்பியாவது தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்டவற்றை ஒரு காகிதத்தில் எழுதி ஹாண்டிலில் கட்டிவிடுங்கள். ஏப்ரல் மாதம் சைக்கிள் கடைகளில் கிழமைக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். ஜனவரியில் கொண்டுபோனால் திருத்துபவருக்கும் நேரம் இருக்கும், உங்களோடு நின்று விளக்கவும் செய்வார்.

வைக்கும் இடமும் ரயரின் காற்றும்

நல்ல இடம் என்பது வறண்ட, வெப்பநிலை அதிகம் மாறாத, வெயில் நேரே படாத இடம். நிலக்கீழறையின் ஒரு சுவர் இதற்கு மிகப் பொருத்தமானது. வெப்பமூட்டிக்கு அருகில் மட்டும் வேண்டாம், அங்கே இறப்பர் விரைவில் காய்ந்து வெடிக்கும். கராஜைப் பற்றி எச்சரிக்கை தேவை. குளிர்காலத்தில் ஒவ்வொரு மாலையும் வீடு திரும்பும் கார், தன் அடிப்பக்கத்தில் உப்புக் கலந்த பனிச்சேற்றைச் சுமந்து வருகிறது. அது கராஜில் உருகித் தரையில் ஓடி, ஆவியாகிக் காற்றை நிரப்புகிறது. காருக்குப் பக்கத்தில் தரையில் நிற்கும் சைக்கிள், வீதியில் ஓடாமலே வீதியின் உப்பில் நனைகிறது. கராஜைத் தவிர வேறு இடமில்லை என்றால் சுவரில் உயரமாகக் கொக்கி அடித்து மாட்டுங்கள். சில்லில் மாட்டித் தொங்கவிடுவதால் சாதாரண சைக்கிளின் றிம்முக்குக் கேடு வராது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிறேக் உள்ள சைக்கிளைத் தொங்கவிட்டிருந்தால், இறக்கிய பின் சற்று நேரம் நேராக நிறுத்தி, நெம்புகோலைப் பலமுறை அழுத்தி, பிறேக் இறுக்கமாகப் பிடிக்கிறதென்று உறுதிசெய்த பிறகே ஏற வேண்டும். அவ்வகைப் பிறேக்கில் சில்லைக் கழற்றி வைத்திருக்கும் வேளையில் நெம்புகோலை அழுத்தவே கூடாது. இரண்டு கட்டைகளும் ஒட்டிக்கொண்டுவிடும். இடையில் ஒரு தடித்த அட்டையைச் செருகி வைப்பது பாதுகாப்பு.

அடுக்குமாடியில் வாழ்பவர்களுக்குப் பல்கனிதான் மிஞ்சும். அங்கே பொலித்தீன் விரிப்பால் இறுக்கிச் சுற்றிக் கட்டுவதே பலரும் செய்யும் தவறு. பகலில் வெயில் பட்டு உள்ளே சூடேறும், இரவில் குளிரும். உள்ளே அகப்பட்ட ஈரம் ஒவ்வோர் இரவும் உலோகத்தின் மேல் துளிகளாகப் படியும். முதலில் பழைய பருத்திச் சேலை ஒன்றால் சைக்கிளைப் போர்த்தி, அதன்மேல் நீர்புகாத உறையைப் போட்டு, அடிப்பக்கத்தை ஒரு சாண் அளவாவது திறந்தே விடுங்கள். சேலை ஈரத்தை வாங்கிக்கொள்ளும், காற்று அதைக் கொண்டுபோகும். பல்கனியில் வைத்த சைக்கிளுக்கு ஜனவரியில் ஒரு முறை, வெப்பம் பூச்சியத்துக்கு மேல் ஏறும் ஒரு நாளில், உறையை எடுத்துச் செயினுக்கு மறுபடியும் எண்ணெயிடுவது அவசியம். கட்டடத்தின் பொது அறையில் வைப்பவர்கள், அந்த அறைக்குப் பூட்டு இருக்கிறது என்று நம்பாமல் சைக்கிளைத் தனியாகப் பூட்டி, பெடல் அச்சின் அடியில் பொறித்திருக்கும் தொடரிலக்கத்தைப் படமெடுத்து வைத்திருக்க வேண்டும்.

ரயருக்கு வருவோம். வைக்கும்போது காற்று முழுமையாக, அதாவது ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவுகளின் மேல் எல்லையை ஒட்டி இருக்கட்டும். குளிரில் காற்று சுருங்குவதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 20 பாகை வெப்பமுள்ள அறையில் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அழுத்தத்தில் நிரப்பிய ரயரை, பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையுள்ள கராஜில் வைத்தால், ஒரு துளி காற்றும் வெளியேறாமலே அழுத்தம் 51 இறாத்தலளவுக்கு இறங்கிவிடும். அதற்கு மேல் ரியூப்பின் இறப்பரினூடாக இயல்பாகக் கசிவதும் சேரும். காற்றிறங்கிய ரயரின் மேல் சைக்கிளின் பாரம் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால், அந்த மடிப்பில் பக்கச்சுவர் வெடிக்கும். தொங்கவிட்டால் இந்தக் கவலையில்லை. தரையில் நிற்பதென்றால் மாதமொரு முறை காற்றடித்து, சில்லைக் கால் சுற்றுத் திருப்பி விடுங்கள். வாடகை கட்டும் நாளோடு இதையும் சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது.

மின்சைக்கிள் வைத்திருப்பவர்கள் பட்டறியைக் கழற்றி வீட்டினுள் எடுத்துவர வேண்டும். லிதியம் பட்டறியை முழுவதுமாக நிரப்பியோ வெறுமையாகவோ மாதக்கணக்கில் வைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். பாதியளவு மின்னேற்றத்தோடு, வறண்ட, மிதமான குளிர்ச்சியுள்ள அறையில் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அளவைப் பாருங்கள். உறைநிலைக்குக் கீழே இருக்கும் பட்டறிக்கு மின்னேற்றவே கூடாது. கராஜிலிருந்து எடுத்து வந்த பட்டறி அறை வெப்பத்துக்கு வரும் வரை சில மணித்தியாலம் காத்திருங்கள். உற்பத்தியாளர் தந்த மின்னேற்றியை மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டை விட்டு வெளியேறும் கதவருகே வைத்து மின்னேற்றாதீர்கள், தீப்பிடித்தால் தப்பும் வழியே அடைபட்டுவிடும். சாதாரண விளக்குகளிலுள்ள சிறு பட்டறிகளையும் கழற்றிவிட வேண்டும். அவை கசிந்தால் விளக்கின் உட்பகுதியை அரித்துவிடும். தண்ணீர்ப் போத்தலையும் சிறு பைகளையும் வெறுமையாக்குங்கள். பையின் மூலையில் கிடக்கும் ஒரு பிஸ்கட் துண்டு போதும், கராஜுக்குள் குளிருக்கு ஒதுங்கும் எலி பையையும் கடிக்கும், சீற்றையும் கடிக்கும்.

ஏப்ரலில் எடுக்கும்போது

பனி உருகிய முதல் வெயில் நாளிலேயே எடுத்து ஓடத் தோன்றும். வீதியோரங்களில் காய்ந்து கிடக்கும் உப்பையும் மணலையும் இரண்டு மூன்று நல்ல மழை கழுவும் வரை பொறுத்திருங்கள். இல்லையென்றால் ஒக்டோபரில் செய்த வேலை முழுவதையும் மறுபடியும் செய்ய வேண்டிவரும். எடுத்தவுடன் துணியால் செயினைத் துடைத்து, தூசு ஒட்டிய பழைய எண்ணெயை நீக்கிப் புதிதாக இடுங்கள். ரயரின் பக்கச்சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று சுற்றிவரப் பார்த்துக் காற்றடியுங்கள். ரியூப் இல்லாத ரயர் என்றால் உள்ளே ஊற்றிய அடைப்புத் திரவம் காய்ந்திருக்கும், அதைப் புதிதாக ஊற்ற வேண்டும். சீற் தண்டை ஒட்டுநாடா காட்டும் உயரத்தில் இறுக்குங்கள். பெடல்களைப் பூட்டி, ஏறுவதற்கு முன் இரண்டு பிறேக்கையும் தனித்தனியாகப் பிடித்துச் சைக்கிளைத் தள்ளிப் பாருங்கள். பிறகு வீட்டைச் சுற்றியுள்ள அமைதியான வீதிகளில் எல்லாக் கியர்களையும் மாற்றிப் பார்த்தபடி ஓடி, பத்துக் கிலோமீற்றர் கடந்ததும் பெடல், ஹாண்டில், சீற், சில்லு ஆகியவற்றின் ஆணிகளை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.